பூர்வகுடியினர் நோக்கும் தமிழ்ப்பள்ளி வகுப்பறையும்: கெடா மாநிலத்தை முன்வைத்துச் சில சிந்தனைகள்

முன்னுரை

பல இன மக்கள் கூடி வாழும் மலேசியத் திருநாட்டில், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் தம் மாணவர்க்கு மலாய்க்காரர், சீனர், இந்தியர் ஆகிய மூவினத்தாரின் வாழ்வியலை ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றார். சபா, சரவாக் மாநிலங்களின் கடசான், ஈபான் மக்களும் பாடங்களில் அறிமுகமாகின்றனர். ஆயின் தீபகற்பத்தின் மிகப் பழைய குடிகளாகிய ஓராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடியினர், பெரும்பாலும் ஒரு படமாகவும் ஒரு பெயர்ப்பட்டியலாகவுமே வகுப்பறைக்குள் வருகின்றனர். ஊதுகோலும் இலைத் தலையணியும் மாணவர் நினைவில் நிற்கின்றன. அம்மக்கள் எம்மொழி பேசுவர், எதனைப் பெருமையாகக் கருதுவர், நம்மைப் பற்றி என்ன எண்ணுவர் என்பன நிற்பதில்லை.

வரும் பள்ளியாண்டில் பூர்வகுடியினரின் நோக்கையும் பாடங்களில் இணைக்க வேண்டும் என்னும் விருப்பம் ஆசிரியர் சிலரிடம் எழுந்துள்ளது. இது வரவேற்கத்தக்கது. ஒரு மக்களைப் பற்றிக் கற்பித்தல் ஒன்று. அம்மக்களின் நோக்கைக் கற்பித்தல் மற்றொன்று. முன்னதற்கு ஒரு பாடநூல் போதும். பின்னதற்கு ஆசிரியர் முதலில் தம் நோக்கைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளை முன்வைத்து, அச்சோதனைக்கும் ஆயத்தத்திற்கும் வேண்டிய சில கருத்துகளை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

1. கெடாவின் பூர்வகுடியினர்

தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடியினர் நெகிரித்தோ அல்லது செமாங், செனோய், மலாய்ப் புரோட்டோ என மூன்று பெரும் பிரிவினராகவும், பிரிவுக்கு ஆறாக 18 இனக்குழுவினராகவும் வகுக்கப்படுவர். இப்பகுப்பு ஆட்சியாளரும் ஆய்வாளரும் செய்தது. அம்மக்கள் தம்மைத் தம் குழுப்பெயராலேயே அறிவர். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அவர்கள் தொகை 2 இலட்சத்தைச் சற்றே கடந்தது.

கெடாவில் வாழ்வோர் செமாங் பிரிவைச் சேர்ந்த கென்சியு மக்கள் ஆவர். பாலிங் மாவட்டத்தில் உலு லேகோங்கை அடுத்து அவர்களது குடியிருப்பு அமைந்துள்ளது. எல்லைக்கு அப்பால் தாய்லாந்தின் யாலா மாநிலத்திலும் அவர்தம் உறவினர் உள்ளனர். கென்சியு மொழியைப் பேசுவோர் சில நூறு பேரே. அது அஸ்லியன் கிளையைச் சார்ந்த மொழி. அக்கிளை ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தின்பாற்படும். மோன், கெமர், வியட்நாமியம் ஆகியவை மட்டுமன்றி இந்தியாவின் சந்தாலி, முண்டாரி, காசி மொழிகளும் நிக்கோபார்த் தீவு மொழிகளும் இதே குடும்பத்தின. இந்தியாவைப் பயில்வோர்க்கு இச்செய்தி முதன்மையானது: பாலிங் மலைச்சாரலில் ஒலிக்கும் மொழி, சோட்டா நாகபுரியில் ஒலிக்கும் மொழிகளுக்குத் தொலைவுறவு உடையது.

பாலிங் என்றவுடன் 1955 டிசம்பர் 28, 29 ஆகிய நாள்களில் நிகழ்ந்த அமைதிப் பேச்சுவார்த்தையே நம் நினைவுக்கு வரும். உலு லேகோங் என்றால் வெந்நீரூற்று நினைவுக்கு வரும். சுங்கை பட்டாணியிலிருந்தும் கூலிமிலிருந்தும் பள்ளிச் சுற்றுலாவாக அவ்வூற்றுக்குச் சென்று திரும்பும் மாணவருள் எத்தனை பேருக்கு, அருகிலேயே நாட்டின் மிகச் சிறிய மொழிச் சமூகங்களுள் ஒன்று வாழ்வது சொல்லப்படுகிறது என எண்ணிப் பார்த்தல் நன்று.

2. பெயரும் மானமும்

ஆயத்தத்தின் முதற்படி பெயர். பழைய ஆங்கில நூல்களிலும் முதியோர் பேச்சிலும் பூர்வகுடியினரைச் ‘சக்காய்’ என அழைக்கும் வழக்கு உண்டு. அடிமை, சார்ந்து வாழ்பவர் என்னும் பொருள் படிந்த சொல் அது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பூர்வகுடிக் குடியிருப்புகளைத் தாக்கிப் பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாகக் கொண்டுசென்ற கொடுமையின் நினைவு அச்சொல்லில் உறைந்துள்ளது. செமாய் இனத்து எழுத்தாளர் அக்கியா, ‘பெராங் சங்கில்’ என்னும் தம் மலாய் நாவலில் (2007) அக்கொடுமையைத் தம் மக்களின் பக்கம் நின்று எழுதியுள்ளார். தோட்டப்புறத் தமிழர் நாவிலும் ‘சக்காய்’ என்பது வசைச்சொல்லாகப் புழங்கியதை நாம் மறைத்தல் ஆகாது. படிக்காத பிள்ளையையும் தலைவாராத பிள்ளையையும் அச்சொல்லால் கடிந்தோர் நம்மிடையே இருந்தனர்.

பெயரின் வலியை நாம் அறியாதவர் அல்லர். ‘கெலிங்’ என்றும் ‘கூலி’ என்றும் அழைக்கப்பட்ட சமூகம் நம்முடையது. 2011ஆம் ஆண்டில் ஐந்தாம் படிவ இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்ட ‘இண்டர்லோக்’ நாவலில் நம்மைக் குறித்து வந்த சொற்களையும் சித்திரிப்பையும் எதிர்த்து நாம் குரல் எழுப்பினோம். அவ்வாண்டின் இறுதியில் அந்நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. அன்று நாம் கேட்டது யாது? எம்மைப் பற்றி எம் பிள்ளைகள் படிப்பதில் எமக்கும் ஒரு சொல் இருத்தல் வேண்டும் என்பதே. நமக்கு நியாயமான அவ்வுரிமை கென்சியு மக்களுக்கும் நியாயமானதே. இதனை ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர் ஆயத்தத்தின் பாதியை முடித்தவர் ஆவார்.

மாணவர் உள்ளத்தில் அணுக்கத்தை உண்டாக்க ஓர் எளிய வழியுண்டு. பூர்வகுடியினர் பலருடைய பெயரிலும், நம் பெயர்களில் வருவது போன்றே, ‘இன்னாரின் மகன்’ எனக் குறிக்கும் ‘ஆ/லெ’ என்னும் குறி இடம்பெறுகிறது. அடையாள அட்டையில் காணும் இச்சிறு ஒற்றுமை, அவர்கள் வேற்றுலகத்தார் அல்லர் என்பதைப் பத்து வயதுப் பிள்ளைக்கும் உணர்த்தவல்லது.

3. கடார வரலாற்றில் கானகத்தின் பங்கு

கெடாவில் தமிழ் கற்பிப்போர் கடாரத்தைப் பற்றிப் பேசாமல் ஓராண்டையும் கழிப்பதில்லை. பட்டினப்பாலை குறிப்பிடும் காழகத்தை நச்சினார்க்கினியர் கடாரம் என உரைத்தமையும், 1025இல் முதலாம் இராசேந்திரன் மேற்கொண்ட கடற்படையெடுப்பும், பூஜாங் பள்ளத்தாக்கின் கோயிற் சிதைவுகளும் நம் வகுப்பறைகளில் பெருமிதத்தோடு கூறப்படுகின்றன. அப்பெருமிதம் தவறன்று. ஆயின் அக்கதையில் ஒரு வினா கேட்கப்படாமலே உள்ளது. கடாரத்துத் துறைக்கு மரக்கலங்கள் எதனை நாடி வந்தன? அங்குக் குவிந்த அகிலையும் குங்கிலியத்தையும் பிரம்பையும் காட்டிலிருந்து கொணர்ந்தவர் யார்?

அகில் எல்லா மரத்திலும் விளைவதன்று. காயமுற்றுப் பூஞ்சை தாக்கிய மரத்தின் வயிரத்திலேயே அந்நறுமணப் பிசின் ஊறும். காட்டை நுணுகி அறிந்தவரே அத்தகு மரத்தைக் கண்டெடுக்க இயலும். இத்தகைய வனப்பொருள்களைத் திரட்டி ஆற்றுவழியே கரைக்கு அனுப்பியதில் பூர்வகுடியினரின் முன்னோர்க்குப் பெரும்பங்கு இருந்தது என்பது ஆய்வாளர் பலர் கருத்து. காட்டிலே தனித்து ஒதுங்கிக் கிடந்தவர் என அவர்களைக் கருதும் பொதுவெண்ணம் இதனால் ஆட்டங் காண்கிறது. அவர்கள் உலக வணிகத்தின் முதற்கண்ணியாக விளங்கியவர்கள்.

இதனை மாணவர்க்கு உணர்த்த நிலப்படம் ஒன்றே போதும். பாலிங் மலைப்பகுதியிலிருந்து இறங்கும் கெட்டில் ஆறு மூடா ஆற்றில் கலக்கிறது. மூடா ஆறு பூஜாங் பள்ளத்தாக்குக்குத் தெற்கே கடலை அடைகிறது. அவ்வாறுகளின் போக்கை விரலால் தொடரும் மாணவன், கோயில் எழுந்த கரையையும் அகில் விளைந்த காட்டையும் ஒரே வரலாறாகக் காண்பான். இராசேந்திரனின் பெயரை அறிந்த அவன், கரைக்கு அகில் சுமந்து வந்த பெயரறியா மனிதரையும் ஒரு கணம் நினைப்பான்.

4. காடு தோட்டமான கதை

நம் சமூகம் தன் வரலாற்றைச் சொல்லும்போது ஒரு வாசகம் தவறாது இடம்பெறும்: காடாய்க் கிடந்த நாட்டை நம் முன்னோர் வளநாடாக்கினர் என்பது அது. ஆண்டுவிழா மேடைகளிலும் மாணவர் கட்டுரைகளிலும் அதனைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவ்வாசகத்தின் பின்னே உண்மையான உழைப்பும் நோயும் சாவும் உள்ளன. அதனைச் சிறுமைப்படுத்துதல் நம் நோக்கமன்று.

எனினும் ‘காடாய்க் கிடந்த’ என்னும் தொடரைக் கென்சியு மாணவன் ஒருவன் படித்தால் அவனுக்கு எவ்வாறு தோன்றும்? 1906இல் ஸ்கீட், பிளாக்டன் ஆகியோர் வெளியிட்ட மலாய்த் தீபகற்பப் பழங்குடிகள் பற்றிய நூல், கெடாவின் உட்பகுதியில் வாழ்ந்த செமாங் மக்களைப் பதிவு செய்துள்ளது. 1909ஆம் ஆண்டின் ஆங்கிலோ-சயாமிய ஒப்பந்தத்தால் கெடா ஆங்கிலேயர் செல்வாக்கின்கீழ் வந்தபின் பால்மரத் தோட்டங்கள் பெருகின. காடழிப்பில் சீனரும் ஜாவானியரும் மலாய்க்காரரும் ஒப்பந்தக்காரர்களாய் ஈடுபட்டனர்; களையெடுத்தும் கன்று நட்டும் பால்மரம் சீவியும் தோட்டத்தை நிலைநிறுத்தியவர் தமிழர். நிலத்தையும் இலாபத்தையும் உடையவர் வேறு. ஒவ்வொரு தோட்டமும் ஒரு பூர்வகுடிக் குடியிருப்பை அகற்றி எழுந்தது என்பது நம் வாதமன்று. காடு யாருமற்ற வெற்றிடமாக இருக்கவில்லை என்பதே நாம் கூற விழைவது. அக்காட்டில் ஒவ்வோர் ஓடைக்கும் கிழங்கு விளையும் இடத்துக்கும் பெயர் இட்டிருந்தோர் இருந்தனர்.

இதனைச் சொல்வதால் நம் முன்னோரின் பெருமை குன்றிவிடுமோ என்னும் அச்சம் ஆசிரியர்க்கு எழலாம். குன்றாது. உழைத்தவரும் வாழ்விடம் இழந்தவரும் ஒருவர்க்கொருவர் பகைவர் அல்லர். இருசாராரின் தலைவிதியையும் எழுதியவர் வேறிடத்தில் இருந்தனர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் பூர்வகுடியினர் பலர் காட்டிலிருந்து பெயர்க்கப்பட்டு முகாம்களில் குடியமர்த்தப்பட்டனர். நோயாலும் ஏக்கத்தாலும் அங்கு மாண்டோர் பலர். அதே காலத்தில் தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. பிற்காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, தலைமுறைகளாய் வாழ்ந்த வீட்டிற்கு ஒரு பத்திரமும் இல்லாமல் வெளியேறிய துயரத்தை நம் மாணவரின் தாத்தா பாட்டியர் அறிவர். மரபுநிலத்திற்குப் பத்திரம் இல்லாத பூர்வகுடியினர் நீதிமன்றப் படியேறியதன் காரணத்தை அக்குடும்பத்துப் பிள்ளைகளைவிட விரைவாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யார்? இருவர் துயரும் ஒன்றே என்று கூறிவிடல் ஆகாது. ஒன்றை அறிந்தவர்க்கு மற்றொன்றைச் செவிமடுக்கும் தகுதி உண்டு என்று கூறலாம்.

5. பாடங்களில் இணைக்கும் முறை

புதிய பாடம் ஒன்றைத் திணிப்பதால் பயனில்லை. உள்ள பாடங்களிலேயே இதற்கு இடமுண்டு.

5.1 தமிழ்மொழி

கென்சியு மொழிக்கு நெருங்கிய உறவுடையது ஜஹாய் மொழி. 2014இல் மஜித், புரென்ஹுல்ட் ஆகிய மொழியியலாளர் வெளியிட்ட ஆய்வு, ஜஹாய் மக்கள் நிறங்களைப் பெயரிடுவதைப் போன்றே மணங்களையும் எளிதாகப் பெயரிடுவதை நிறுவியது. பெட்ரோல், புகை, வௌவால் எச்சம் ஆகியவற்றில் பொதுவாயுள்ள மணத்திற்கு அவர்களிடம் ஒரு சொல் உண்டு. புலியை ஈர்க்கும் குருதி மணத்திற்குத் தனிச்சொல் உண்டு. மணத்தைச் சொல்லால் வகுத்தல் மனிதர்க்கு அரிது என்று கருதிவந்த அறிஞருலகம் அக்கருத்தை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது.

இதனைச் சொல்வள வகுப்பிற்குக் கொண்டுவரலாம். நறுமணம், வாடை, வீச்சம், முடை, மொச்சை, கவிச்சு முதலிய சொற்களை மாணவர் தொகுக்கட்டும். மீனுக்கும் ஊனுக்கும் உரிய மணத்தைப் புலவு என ஒரே சொல்லால் பழந்தமிழர் குறித்ததையும், நறுமணத்தையும் சுட்டிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தையே குறிப்பதையும் ஆசிரியர் விளக்கலாம். ஒட்டுப்பாலின் வாடையைப் பாட்டி எவ்வாறு குறிப்பிடுவார் என வீட்டில் கேட்டுவரச் செய்யலாம். அவ்வகுப்பின் முடிவில் மாணவர் தமிழின் வளத்தையும் உணர்வர். ஏடும் எழுத்தும் இல்லாத மொழி வறிய மொழி என்னும் எண்ணத்தையும் களைவர்.

5.2 வரலாறு

2014 முதல் நான்காம் ஆண்டில் தனிப்பாடமாக அமைந்துள்ள வரலாற்றில், மேற்கூறிய ஆற்றுவழிப் படமும் அவசரகாலக் குடிபெயர்ப்பும் மாணவர் வயதுக்கேற்ப இடம்பெறலாம். பூர்வகுடியினரைக் கற்காலப் பகுதியோடு நிறுத்திவிடல் கூடாது. 2019 சனவரியில் கேமரன் மலை இடைத்தேர்தலில் வென்று, தீபகற்பப் பூர்வகுடியினரிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல்வரானார் ரம்லி முகமட் நோர்; 2022இல் அவர் அவையின் துணைத் தலைவரானார். இச்செய்தி அம்மக்களை நிகழ்காலத்தில் நிறுத்துகிறது.

5.3 நன்னெறிக் கல்வி

செமாங் பிரிவைச் சேர்ந்த பாத்தேக் மக்களிடையே உணவைப் பகிர்தல் கொடையன்று, கடமை. பெறுபவர் நன்றி கூறுவார் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. தம் பங்கைப் பெறுதல் அவர் உரிமை. விலங்குகளைப் பரிகசித்தால் இடிமழை வரும் என்னும் நம்பிக்கையும் அவர்களிடையே உண்டு. திருவள்ளுவர் பகுத்துண்ணலைக் கொல்லாமை அதிகாரத்தில் வைத்துப் போற்றியதை இதனோடு ஒப்பவைத்துப் பேசலாம். வேட்டையாடி உண்ணும் மக்களும் விலங்குக்கு மதிப்பளிப்பது எங்ஙனம் என்னும் வினா, உயர்ந்த வகுப்பு மாணவரிடையே நல்ல விவாதத்தைத் தோற்றுவிக்கும்.

6. தவிர்க்க வேண்டியவை

தமிழாசிரியர் சிறப்பாகத் தவிர்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, பூர்வகுடியினரைக் குறிஞ்சித் திணைமாந்தர் எனச் சொல்லிவிடுதல். நிலத்தையும் வாழ்வையும் இணைத்துக் காணும் முறையைத் திணைக்கோட்பாடு நமக்குக் கற்பிக்கிறது. கென்சியு மக்களைச் சங்கப்பாடலின் குறவராக்க அது உரிமை தரவில்லை. இரண்டு, தோல் நிறத்தையும் சுருள்முடியையும் கொண்டு அவர்களைத் தொல்திராவிடர் என்றோ மறைந்த கண்டத்தின் எச்சம் என்றோ உரிமை கொண்டாடுதல். மொழியியல் இதனை ஆதரிக்கவில்லை. பிறர் வரலாற்றை நம் பெருமைக்கு அணிகலனாக்குதல் முறையும் அன்று. மூன்று, இரக்கத்தை மட்டும் எழுப்புதல். பாவம் என்று சொல்லக் கற்ற மாணவன் மதிக்கக் கற்றவன் ஆகான். மாறுவேடப் போட்டியில் முகத்தில் கரிபூசி இலை கட்டி வரும் வழக்கத்தை நிறுத்துதலும் இதனுள் அடங்கும்.

7. பள்ளியாண்டுக்கு முன் செய்யத்தக்கவை

ஆண்டிறுதி விடுமுறையை ஆசிரியர் பின்வருமாறு பயன்படுத்தலாம். முதலாவதாக, தம் பாடத்திட்டத்தைப் புரட்டி, இயல்பாக இடங்கொடுக்கும் மூன்று அலகுகளை மட்டும் தேர்ந்தெடுத்தல். இரண்டாவதாக, கோம்பாக்கில் உள்ள ஓராங் அஸ்லி அருங்காட்சியகத்தைக் காணுதல். பூர்வகுடியினரே எழுதிய மலாய் நூல்களில் ஒன்றையேனும் படித்தல். மூன்றாவதாக, தம் தோட்டத்து முதியோரிடம் காடு பற்றியும் காட்டு மக்கள் பற்றியும் கேட்டுப் பதிவு செய்தல். பெத்தாயும் பிரம்பும் கொண்டுவந்து அரிசியும் உப்பும் பெற்றுச் சென்றவரை நினைவுகூரும் முதியோர் இருப்பின், அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

நான்காவதாக, கென்சியு குடியிருப்பிற்குச் செல்ல விரும்புவோர் மாணவரை உடனே பேருந்தில் ஏற்றிச் செல்லாது, முதலில் தாம் மட்டும் செல்லுதல். 2011 முதல் ஜாக்கோவா எனப்படும் ஓராங் அஸ்லி மேம்பாட்டுத் துறையின் இசைவையும் கிராமத் தலைவரின் இசைவையும் பெறுதல் முறை. சென்றபின் கேட்க வேண்டிய முதல் வினா, ‘உங்களைப் பற்றி எங்கள் பிள்ளைகள் எதனை அறிய வேண்டும் என விரும்புகிறீர்கள்?’ என்பது. இரண்டாவது, ‘எதனைச் சொல்லாமல் விடவேண்டும்?’ என்பது. கிடைக்கும் விடை பாடத்தை முழுதும் மாற்றினாலும் அதனை ஏற்க ஆசிரியர் அணியமாக இருத்தல் வேண்டும்.

பிற நாடுகளில் இம்முயற்சி அரசின் கொள்கையாகவே வளர்ந்துள்ளது. ஆஸ்திரேலியத் தேசியப் பாடத்திட்டம் பூர்வகுடியினரின் வரலாறும் பண்பாடும் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவ வேண்டிய முன்னுரிமையாக அமைத்துள்ளது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2023/2024 பள்ளியாண்டு முதல் பூர்வகுடி சார்ந்த பாடத்தை உயர்நிலைப்பள்ளித் தேர்ச்சிக்குக் கட்டாயமாக்கியுள்ளது. நம் நாட்டில் 2007ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பூர்வகுடியினர் உரிமைப் பிரகடனத்திற்கு அரசு ஆதரவாக வாக்களித்தது. அதன் உணர்வை வகுப்பறைக்குக் கொண்டுவர ஆணை வரும்வரை ஆசிரியர் காத்திருக்க வேண்டியதில்லை.

முடிவுரை

2015 ஆகத்தில் கிளந்தான் குவா மூசாங் பகுதியில் பள்ளி விடுதியிலிருந்து தண்டனைக்கு அஞ்சிக் காட்டுக்குள் ஓடியதாகக் கூறப்பட்ட தெமியார் இனப் பிள்ளைகள் எழுவருள் ஐவர் மாண்டனர். 47 நாள்களுக்குப் பின் இருவரே உயிருடன் மீட்கப்பட்டனர். பள்ளி என்பது தமக்குரிய இடமன்று என்று ஒரு குழந்தை உணர்ந்துவிட்டால் நேரக்கூடியதற்கு அது கடைசி எல்லை. தோட்டத்து லயத்தின் ஓரத்தில் ஒற்றை அறையில் தொடங்கிய தமிழ்ப்பள்ளி, வேறெங்கும் தமக்கு இடமில்லாத பிள்ளைகளுக்கு இடமளிக்கவே எழுந்தது. அம்மரபின் வழிவந்த நாம், நம் வகுப்பறையில் ஒருபோதும் அமராத ஒரு கென்சியு குழந்தைக்கும் அங்கு ஓரிடம் ஒதுக்கலாம்.

அக்குழந்தை பின்வரிசையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பதாக எண்ணி ஆசிரியர் பேசத் தொடங்கினால், எச்சொல்லைத் தவிர்க்க வேண்டும், எங்கு நிறுத்த வேண்டும் என்பதை வேறு எவரும் சொல்லித்தர வேண்டியிராது. வரும் பள்ளியாண்டின் முதல் நாளில் அவ்வெண்ணத்தோடு வகுப்பில் நுழைதலே நாம் வேண்டும் ஆயத்தம்.